அத்தை வாயைத் திறந்த கதை

எங்கள் மாமா பஸ் கண்டக்டர். தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவர் இருக்கும் வீட்டில் ரேடியோ வாங்குவது வீண் செலவு. அத்தை அதற்கு நேர் எதிர். குழம்பில் உப்புப் போதவில்லை என்று அவர் குதித்தால், உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். "ஏன்டி, பேசினா வரி போடறாங்களா?" என்று மாமா கேட்பார். அதற்கும் பதில் வராது.

தொற்றுக் காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, மாமாவின் பஸ் மட்டும் ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. ஒரு நாள் காலை, ஆட்கள் ஏறி முடித்தும் "போலாம் ரைட்" வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். ஒரு நர்ஸ் எழுந்து போய் அவருடைய முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கவசத்துக்குள் இருந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

"பக்கவாதம்ணே! எங்கயும் நிறுத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!"

டிரைவர் பறந்தார். நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. அந்த நர்ஸ் நன்றாக இருக்க வேண்டும். உயிர் பிழைத்தது, கையும் காலும் மெல்ல அசைந்தன. பேச்சு மட்டும் போய்விட்டது.

போய்விட்டது என்பதும் சரியில்லை. ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. வலிக்கிறதா என்றால் "போலாம் ரைட்." சாப்பிட்டீர்களா என்றால் "போலாம் ரைட்." வருஷக்கணக்கில் சொல்லிப் பழகியது தானாக வந்துவிடும், மனதில் நினைப்பதைச் சொல்லத்தான் புதிதாகப் பழக வேண்டும் என்றார் டாக்டர். போனில் இதைக் கேட்டு நானும் அத்தையும் சிரித்துவிட்டோம். பிறகு அத்தை அடுப்படிக்குப் போய் அழுதாள். "இனிமே என்கூட சண்டையே போட மாட்டாரா?" என்றாள்.

பேச்சுப் பயிற்சி தர வந்த பெண்ணுக்கு வேறு சங்கடம். உதடு குவிவதையும் விரிவதையும் பார்த்துத்தான் நோயாளி பழக வேண்டும். அவள் உதடோ இரண்டு கவசங்களுக்குப் பின்னால் இருந்தது. வீட்டு ஆட்களை உள்ளே விடவும் மாட்டார்கள்.

"வீட்டுலேர்ந்து யாராவது வீடியோ கால்ல பேசிக் காட்டணும்மா. அவர் இப்ப முழுசா பாக்கப்போற முகம் அது ஒண்ணுதான்."

நான் கையை நீட்டினேன். அத்தை போனைத் தரவில்லை.

"மா" என்றாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. "பா. வா." மாமாவிடமிருந்து "போலாம் ரைட்"தான் வந்தது. தினமும் அதையே எத்தனை தடவை சொல்வது? ஒரு நாள் பொறுமை போய், பால் பொங்கி வழிந்ததைச் சொன்னாள். மறுநாள் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னாள். அப்புறம் அணை உடைந்துவிட்டது. "கல்யாணத்தன்னிக்கு நீங்க பேசின பேச்சுல எனக்கு வந்த தலைவலி இன்னும் போகல, தெரியுமா?" மாமா கண் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

ஒரு மத்தியானம், மாமாவின் அக்கா அவளைப் படுத்திய பாட்டை ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவின் உதடு குவிந்தது. நடுங்கியது.

"வா..."

"ஆமாங்க, வா! சொல்லுங்க, வா!"

"வா... ய..." நெற்றியில் வியர்த்துவிட்டது. "மூ... டு."

அந்தப் பக்கம் பயிற்சிப் பெண் சிரிப்பது கேட்டது. அத்தை அப்படியே நின்றாள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை, சொல்ல அவள் இடம் கொடுத்ததும் இல்லை. போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். சாத்திக் கிடந்த கதவுகள் எல்லாம் திறக்கும்படி கத்தினாள்.

"கேட்டீங்களா! அவரு என்னை வாய மூடச் சொல்லிட்டாரு!"