பானையில் போடாத பெயர்

ஒரகடம் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு ஆக்கும் முனியம்மாளுக்குத் திட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே குமட்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோதும் ஒரு திட்டம்தான் சொன்னார்கள், வீட்டுக்கு ஒரு வேலை என்று. அவளுக்குக் கிடைத்தது கம்பெனி கேன்டீனில் எச்சில் தட்டு கழுவும் வேலை. அதிலும் ஒரே வருஷத்தில், உள்ளூர் ஆட்கள் வம்பு பண்ணுவார்கள் என்று சொல்லி கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் நிலத்தில் நின்ற கேட் அது!

ஆகவே, ஏதோ ஓர் அறக்கட்டளையிலிருந்து புருஷோத்தமன் என்ற அதிகாரி லேப்டாப்போடு பள்ளிக்கு வந்து பெற்றோரைக் கூட்டியபோது, அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள். அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்று ஒன்று இருக்கிறதாம். பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது வேறு ஆட்கள், பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. சொன்னபடி பிள்ளைகள் தேறாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பள்ளியையே மூடலாமாம். இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். அதே மாதிரி இந்தப் பள்ளியையும் நடத்தப் போகிறோம், இப்போது படிக்கிற பிள்ளைகளும் குலுக்கலில் வர வேண்டும் என்றார்.

வராத பிள்ளை எங்கே போகும் என்று கேட்டாள் முனியம்மாள். அது பெற்றோரின் விருப்பம் என்று சிரித்தார் அவர். விருப்பமாம், வெங்காயம்! அடுத்த பள்ளிக்குப் போக ஆறுவழிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டும்.

அதை நினைத்துத்தான் செல்லக்கனி முனியம்மாளிடம் ஓடி வந்தாள். முனியம்மாள் வீட்டுக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். புருஷன் மாரிராஜுக்கும் அவளுக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை, மகள் சுகப்பிரியாவைக் கைப்பிடித்துச் சாலை தாண்டிவிட ஆள் கிடையாது. முனியம்மாள்தான் தைரியம் சொன்னாள். குலுக்கல் மாரியம்மன் கோயிலில், சீட்டு எழுதுவது தன் கொழுந்தன் ரகுபதி, அம்மன் எதிரில் எவன் ஏமாற்றுவான் என்றாள்.

குலுக்கல் அன்றைக்குச் செல்லக்கனி மகளுக்குத் தலை குளிப்பாட்டி, பூ வைத்துக் கூட்டி வந்திருந்தாள். 'ஒவ்வொரு குழந்தையும் வாசிக்கும்' என்ற பேனருக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளை பானையில் கைவிட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்தது. இடங்கள் நிரம்பின. சுகப்பிரியா பெயர் வரவில்லை. அதிர்ஷ்டம் இல்லை என்றே முனியம்மாளும் முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது, வாடகை அறைப் பிள்ளைகளில் ஒன்றின் பெயர்கூட வரவில்லை.

விறுவிறுவென்று போய்ப் பானையைத் தரையில் கவிழ்த்தாள். படிக்கத் தெரியாதவள், சுகப்பிரியாவைக் கூப்பிட்டு மிச்சச் சீட்டுகளைப் படிக்கச் சொன்னாள். குழந்தை குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, அப்பன் பெயரோடு தடங்கல் இல்லாமல் படித்தது. கடைசிச் சீட்டையும் படித்துவிட்டு, இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பானைக்குள் எட்டிப் பார்த்தது.

"இன்னாடா இது?" என்று ரகுபதியைக் கேட்டாள் முனியம்மாள்.

ரகுபதி ஒளிக்கவேயில்லை. "தலைக்கட்டு வரி கட்டாத வூட்டுப் பேரை பானையில போடற வழக்கம் நம்மூர்ல ஏது அண்ணி?"

திருவிழா வரி கட்டும் குடும்பம்தான் அவனுக்கு ஊர். போன ஆடியில் மாரிராஜ் வரி கட்ட வந்து நின்றான். வாடகைக்காரனிடம் வரி வாங்குவதில்லை, நன்கொடை என்றால் கொடு என்றார்கள். அவனும் கொடுத்தான். அந்தக் காசில் ஊற்றிய கூழை இதே ரகுபதி இரண்டு சொம்பு குடித்தான். தூ! கேட்டுக்கு வெளியே நின்ற நாளை மறந்துவிட்டு, இவன்களும் ஒரு கேட் போட்டுவிட்டார்கள்.

பேனருக்குக் கீழே நின்ற புருஷோத்தமனிடம் போனாள். சீட்டு எழுதுவது ஊர் பொறுப்பு, நாங்கள் தலையிட மாட்டோம் என்றார் அவர். அப்புறம் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"ரொம்ப நல்லா வாசிக்கிறியே. எந்த ஸ்கூல்மா நீ?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. செல்லக்கனி முனியம்மாளைப் பார்த்தாள்.

"இதே ஸ்கூல்தான் சார்," என்றாள் முனியம்மாள். "நேத்து வரைக்கும்."

வாய் நிறைய எச்சில் ஊறி வந்தது. கோயிலாச்சே என்று விழுங்கினாள்.