வால்வு வைத்தவரின் வாய்

பல் டாக்டரிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை; வலிதான் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறது. ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டுகிற உங்களுக்கு அது தெரியும். பல் டாக்டரான நானும் உங்களைப் போலத்தான், என் கடைவாய்ப் பல்லை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. வாயிலுள்ள கிருமி உடம்பை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு மீனவர் கலியமூர்த்தியின் கதையைச் சொல்வேன். அதன் முடிவை நானே பல வருஷம் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் சொன்னேன்.

நெஞ்சுக்குப் போனவர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் கலியமூர்த்தியும் அவர் மனைவி பச்சையம்மாவும் கடலூரில் என் கிளினிக்குக்கு வந்தார்கள். அவருக்கு இதய வால்வு ஒன்று கெட்டுப்போய், மாற்ற நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் வாயைச் சரிசெய்துகொண்டு வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஈறில் சீழ். சொத்தை வேறு. அந்தப் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நெஞ்சு சரியில்லன்னு போனா பல்லக் காட்டச் சொல்றாங்க. நாளைக்கிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனா கால் நெகத்தக் கேப்பாங்களா புள்ள?"

ரத்தம் வருகிற இடம்

வாரத்தில் ஒருநாள் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு மாடியில் உட்காருவேன். சர்க்கரை குறையாத ஓர் ஆட்டோக்காரரை அவருடைய டாக்டர் என்னிடம் அனுப்பினார். கீழ்வரிசை முழுக்கக் காரை படிந்திருந்தது. அந்தப் பக்கம் தேய்த்தால் ரத்தம் வருகிறது, சூட்டு உடம்பு, அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். பிரஷ்ஷை நிறுத்திவிட்டு இளநீர் குடிப்போம். தேய்க்காததால்தான் ஈறு புண்ணாகிறது. ஈறு புண்ணானால் சர்க்கரை அடங்காது, சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது.

சுத்தம் செய்து அனுப்பினேன். சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. பெருமையோடு வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் நான்தான் காரணமா? அந்தச் சர்க்கரை டாக்டரிடமே கேட்டேன். சிரித்தார். "நீங்க ஈறுங்கிறீங்க, நான் மாத்திரைங்கிறேன், அவரு பாவக்கா ஜூஸுங்கிறாரு. எறங்குச்சில்ல, மூணு பேரும் பங்கு போட்டுக்கலாம் விடுங்க."

மஞ்சள் காப்பு

கலியமூர்த்திக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுவருஷம் ஆடியில் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. ஊர் மாரியம்மனுக்கு, உடம்பில் கம்பி குத்தி நேர்த்திக்கடன் தீர்க்கிற செடல் திருவிழாவாம். உயிரோடு திரும்பினால் இரண்டு கன்னத்தையும் துளைத்து அலகு குத்திக்கொள்வதாக வேண்டியிருக்கிறார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். கம்பி ஏறினால் ரத்தம் லேசில் நிற்காது. வாயிலிருக்கும் கிருமிக்கு வால்வு வரை வழி திறந்தமாதிரி ஆகிவிடும். சொன்னேன், கெஞ்சினேன். "உசுரக் குடுத்தவளுக்கு வாயக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் நம்பிக்கையில் கைவைக்க நான் யார் என்று ஒரு பக்கம். இந்த மனிதர் செத்துப்போவாரே என்று மறுபக்கம். காப்பு கட்டியவர் பின்வாங்கினால் ஊரும் பொறுக்காது. அவர் கோபமாக வெளியே போய்விட்டார். கூட வந்திருந்த பச்சையம்மா மட்டும் வாசலில் தயங்கி நின்று கேட்டார்: "வால்வு வைக்காத ஆளுன்னா ஒண்ணும் ஆவாதுல்ல சார்?"

ஆத்தா சொன்னது

திருவிழா முடிந்ததும் பச்சையம்மாவே வந்து சொன்னார். அலகு குத்தவில்லையாம். சாமியாடியவர் மேல் வந்து, வேண்டாமென்று ஆத்தாவே சொல்லிவிட்டாளாம். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். ஆனால் அத்தனை பிடிவாதக்காரர் அவ்வளவு லேசாக விட்டிருப்பாரா? ஊர்தான் விட்டிருக்குமா? அவரோ கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வருஷாவருஷம் வந்து போனார், கடலுக்கும் போனார். எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, பச்சையம்மா தனக்கே கடைவாய் வலி என்று வந்தார். அதுவரை புருஷனுக்குத் துணையாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவர்தான். சின்னக் கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கினேன். உள்ளே வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. மறு கன்னத்திலும் அதே உயரத்தில் இன்னொன்று. வெளியே தடவிப் பார்த்தேன். பூசியிருந்த மஞ்சளுக்கு அடியில், அதற்கு நேராகச் சின்னக் குழி. கலியமூர்த்தி வெளியே யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு, கேட்க வேண்டியதைக் கேட்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "ஏம்மா, அலகு வேணாம்னு ஆத்தா சொன்னது அவருக்கு மட்டுந்தானா?"