மூன்றாம் மைல்கல்லில் சாய்ந்த சைக்கிள்

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டுக்குப் போகும் சாலையில், மூன்றாம் மைல்கல்லருகே, என் சின்ன மாமாவை அவர் செத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. சிரிக்காமல் கேளுங்கள்.

மாமாக்கள் இருவரும் தபால் சுமக்கும் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சாலை உள்ளவரை சைக்கிள், அதற்கப்பால் ஓட்டம். பரீட்சையில் இரண்டும் உண்டு. இருந்ததோ ஒரே சைக்கிள். ஒருவர் ஒரு மைல் மிதித்து, அதைக் கல்லில் சாய்த்துவிட்டு ஓடுவார். பின்னால் ஓடிவருபவர் அதை எடுத்து, முன்னவரைத் தாண்டிப் போய், அடுத்த கல்லில் சாய்ப்பார். இப்படியே இருவருக்கும் காலும் மூச்சும் தேறிவந்தபோது, சின்ன மாமாவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

பெரிய மாமா சைக்கிளைத் தொடவில்லை. "ரங்கூனுக்குக் கப்பலேறிடறேன்க்கா" என்றார். ரங்கூனுக்குப் போன எங்கள் தெருக்காரர் ஒருவரும் திரும்பியதில்லை. இருந்த ஒரு தம்பியும் போய்விடுவானே என்று அம்மா அன்று சோற்றில் கைவைக்கவில்லை. மறுநாள் சொன்னாள்: "நீ பாட்டுக்குக் கல்லுல சாச்சிட்டு ஓடு. எடுத்துக்கினு வர ஆளு வரும்."

யாரென்று சொல்லவில்லை. சைக்கிளுக்குக் காவலாக என்னைக் கேரியரில் ஏற்றிவிட்டாள்.

விடிந்தும் விடியாத பனி. மாமா சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிப்போனார். நான் கல்லின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் காலடி கேட்டது. பனிக்குள்ளிருந்து சின்ன மாமாவின் காக்கிச் சட்டை வந்தது, அவருடைய கால்சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றி அவருடைய கோடுபோட்ட துண்டு. அது என் பக்கம் திரும்பவே இல்லை. சைக்கிளில் ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறிப் பனிக்குள் போய்விட்டது. நான் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவரை ஞாயிறு பள்ளியில் படித்தவள் நான். முப்பதாம் நாள் ஒருவர் எழுந்தால் நம்பாமலிருக்க முடியுமா?

பரீட்சை வரைக்கும் பத்து நாளும் அது வந்தது. மாமாவுக்கு வேலை கிடைத்தது, ரங்கூன் பேச்சு அடங்கியது. தன்னைத் தாண்டிப்போன உருவத்தைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

அந்தப் பத்தாம் நாள் சாயங்காலம் அம்மா முழங்கால் காயங்களுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாளாம். நான் காயத்தை ஊதிவிட்டுக்கொண்டே ரகசியத்தைச் சொன்னேன். "செத்ததுல மாமாவுக்கு சைக்கிள் விடறது மறந்துட்ச்சிம்மா. விழுந்து விழுந்து போச்சு."

"கடைசி நாளாவது நல்லா விட்டுக்கினு போனானாடி?"

"விழவே இல்லம்மா."

அம்மா சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செத்தவர் சைக்கிள் விட்டதில் அவளுக்கு அப்படியென்ன பெருமை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.