லோதேபார் எங்கே இருக்கிறது

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் வேதபாடம் வாசிக்க என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கல்யாணமாகி ஞானஸ்நானம் வாங்கிய புதிது. அன்றைய பாடத்தில், சவுல் ராஜாவின் பேரன், இரண்டு காலும் முடமானவன், யார் வீட்டிலோ ஒண்டிக் கிடக்கிறான்; தாவீது ராஜா ஆள் அனுப்பி அவனைக் கூப்பிடுகிறார். அவன் கிடந்த ஊர் லோதேபார். நான் கணீரென்று "லோடு பார்" என்று வாசித்துத் தொலைத்தேன்.

சபையே சிரித்தது. சிரிக்கட்டுமே! பொள்ளாச்சியில் அப்பாவுக்குக் கொப்பரை மண்டி. விடிந்தால் "லோடு பாரு, லோடு பாரு" என்கிற சத்தத்தில் கண் விழித்தவளுக்கு வேறெப்படி வாயில் வரும்?

அந்த அப்பா, மதம் மாறிக் கட்டிக்கொண்ட நாளோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கணவருக்கு ரயில் வேலை. வாரத்தில் பாதி வெளியூர். ஆர்.எஸ்.புரம் மாடி வீட்டில் நானும் ரேடியோவும். போன் அடித்தால் ஓடுவேன், ராங் நம்பராக இருக்கும். அப்பா ஒரு வார்த்தை பேசினால் போதுமென்று ஏங்கிக் கிடந்தேன்.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம், "அது எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.

"யோர்தானுக்குக் கிழக்கே, கீலேயாத் பக்கம்மா. இன்ன இடம்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியலை. மேய்ச்சல் இல்லாத இடம்னு அர்த்தம். பேச்சில்லாத இடம்னும் சிலர் சொல்றாங்க."

எனக்கு இடம் தெரியும், மாடிப்படி ஏறி வந்தால் காட்டுகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அந்த முடவனுக்காவது ராஜா ஆள் அனுப்பினார். எனக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? மறுநாளே பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன்.

மண்டியில் அப்பா கொப்பரையை உடைத்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். தோள்துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களா?"

பிறந்ததிலிருந்து அவருக்கு நான் 'கண்ணு'. 'வா கண்ணு, போ கண்ணு' தவிர வேறு பேச்சு கிடையாது. இந்த 'ங்க' எல்லாம் லோடு இறக்க வரும் வேற்றாட்களுக்கு. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அங்கேயே அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

மோரைக் குடித்தேன். "வாரேனுங்கப்பா" என்றேன்.

"சரிங்க, பாத்துப் போங்க" என்றார்.