நாமக்கல் எந்த ஜில்லா

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன. அப்பா இருக்கும்வரை எழுதக்கூடாது என்று இருந்தேன். அவர் போன பிறகு அம்மா இருக்கிறாளே என்று இருந்தேன். அம்மாவும் பெருமாள் திருவடி சேர்ந்த பிறகு, பேரன் பேத்திகள் படித்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு சாக்கு. இப்போது சாக்கு எதுவும் மிச்சமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

எங்கள் ஊர் தர்மபுரிக்குப் பக்கத்தில் இண்டூர். அந்தக் காலத்தில் இதெல்லாம் சேலம் ஜில்லா. எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு ஒரு நோவு உண்டு என்று மட்டும் எனக்குத் தெரியும். நோவு வந்தால் இரண்டு நாள், மூன்று நாள் வீட்டுப் பக்கம் வர மாட்டார். வந்தாலும் மாட்டுக்கொட்டகையில் சுருண்டு படுத்திருப்பார். அம்மா என்னை அந்தப் பக்கம் விட மாட்டாள். "அப்பாவுக்கு நோவு, சத்தம் போடாத" என்பாள். எந்த வைத்தியரும் வந்து பார்க்காத அது என்ன நோவு என்று நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் சர்க்கார் எங்கள் ஜில்லாவில் மட்டும் முதன்முதலாகக் கள்ளுக்கடை, சாராயக்கடைகளை மூடியது. தெருவில் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். அதே சமயத்தில் அப்பாவின் நோவும் விட்டது. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. அவள் பல வருஷமாகச் சனிக்கிழமை தோறும் உப்பில்லாமல் ஒருவேளை உண்டு, "ரங்கநாதா, இந்த மனுசனைத் தேத்திக் குடு, தம்பதியா வந்து உன்னைச் சேவிக்கிறோம்" என்று வேண்டியிருந்தாள். அவன் தேற்றிக் கொடுத்துவிட்டான். போய்ச் சேவிக்காவிட்டால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. நோவு விட்டதற்குக் காரணம் சர்க்கார்தானே என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை இழுத்தாளாம். அந்தச் சர்க்கார் மனசுக்குள் புகுந்தது யார் என்று கேட்டு அம்மா அவள் வாயை அடைத்தாளாம். இதைப் பின்னாளில் கேள்விப்பட்டேன். எனக்கும் இன்றுவரை அம்மாவின் கட்சிதான்.

யாத்திரைக்குத் திட்டம் போட்டவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு இளையவர். சேலத்தில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பழைய மோட்டார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சித்திரை பிறந்ததும் பத்துப் பன்னிரண்டு நாள் வண்டி நம்முடையது என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த உடனே ஒரு கேள்வி கேட்டார். அக்கா வேண்டிக்கொண்டது எந்த ஊர் அரங்கனை?

அம்மா திகைத்துப் போனாள். ரங்கநாதா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஊரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

"மைசூரு பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒருத்தர் படுத்திருக்கார். திருச்சிராப்பள்ளி பக்கம் ஸ்ரீரங்கத்துல ஒருத்தர் படுத்திருக்கார். உன் சத்தம் எவர் காதுல வுழுந்துச்சோ, யாரு கண்டா. ரெண்டு பேரையும் பாத்துட்டா ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க அக்கா" என்றார் மாமா.

அப்படித்தான் அந்தப் பெரிய சுற்று உண்டாயிற்று. மாமா சொல்லச் சொல்ல என் பள்ளிக்கூட நோட்டில் நான் எழுதினேன். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை, மைசூர் அரண்மனை, மலை இறங்கிச் சத்தியமங்கலம், ஈரோடு, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம். திரும்பும்போது நாமக்கல், சேலம், தொப்பூர்க் கணவாய் ஏறி வீடு. ராஜாக்கள் ஆண்ட ஊர்களை நான் பார்க்கப் போகிறேன். பெங்களூரைச் சுற்றிப் பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிறார்கள், கொத்துக் கொத்தாகத் தலையில் இடிக்கும், அதைப் பிழிந்துதான் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் ஒயின் என்று குடிக்கிறார்கள் என்று மாமா சொன்னபோது நான் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். திராட்சையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அம்மா அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து மாமா அப்பாவைச் சீண்டினார். "மச்சான், நம்ம ஜில்லாவுலதான் பஞ்சம். ஓசூரு எல்லைக்கல்லைத் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் மழைதான், பாத்துக்குங்க."

அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சித்திரையில் என்ன மழை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என் பேச்சு முழுக்க மைசூர்தான். என்னோடு படித்த பெண்களிடம் அரண்மனையை ஏற்கெனவே பார்த்துவிட்டவள் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு அங்கிருந்து வளையல் வாங்கி வருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

நாலைந்து நாள் கழித்து, அப்பா கிணற்றடியில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர், மாடுகளை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். பூகோளப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் எங்கள் ஜில்லாவின் படம் மடித்து ஒட்டியிருக்கும். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் படத்தில் ஆறு எது, ரோடு எது, எல்லை எது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. என்னை விரலால் காட்டச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாத்திரையில் அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஓசூர்ப் பக்கம் நம் ஜில்லா எதுவரை என்று கேட்டார். காட்டினேன். ஊத்தங்கரை தாண்டித் திருவண்ணாமலைக்குப் போனால்? காட்டினேன். ஈரோடு? ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர் ஜில்லா என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியில் படத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நாமக்கல்லு நம்ம ஜில்லாதான கண்ணு? அங்க மலையைக் கொடைஞ்சு அரங்கனைப் படுக்க வெச்சிருக்காங்க. சின்ன வயசுல எங்கப்பாரு கூட்டிட்டுப் போனாரு."

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயும் ஒரு அரங்கன் இருந்தால் வேண்டுதல் அங்கேயே முடிந்துவிடும். பெங்களூர் போய்விடும். அரண்மனை போய்விடும், திராட்சைப் பந்தல் போய்விடும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நாமக்கல் போய் வந்தோம் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும். என் விரல் அப்போது நாமக்கல் மேலேயே இருந்தது. அது எல்லைக் கோட்டுக்கு உள்ளே இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இல்லப்பா. அது திருச்சிராப்பள்ளி ஜில்லா" என்றேன்.

"முன்ன அப்படித்தான் இருந்துச்சு. மறுபடி சேலத்தோட சேத்துட்டாங்கன்னு சொன்னாங்களே."

"சேக்கலப்பா" என்று புத்தகத்தை மூடினேன்.

அவர் மாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். பிறகு, சரி போ கண்ணு, நீ படிக்கிற புள்ள, உனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு மாடுகளை ஓட்டப் போனார். நான் வீடுவரை ஓடினேன்.

வெள்ளிக்கிழமை கிளம்புவதாக நாள் குறித்திருந்தார்கள். புதன்கிழமை காலையில் மாமா மோட்டாரைக் கொண்டுவந்து புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். அம்மா வழிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மாமா மணையில் உட்கார்ந்து சூடாக எடுத்ததை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, அப்படியே மைசூர்வரை சாப்பிட்டுக்கொண்டே போய்விடலாம் என்று கேலி செய்துகொண்டிருந்தார். நான் நோட்டை வைத்து ஊர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். காலில் சேறு. கால் கழுவாமல் அவர் அடுப்படிக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வேறு வழியே கிடையாதா என்று மாமாவைக் கேட்டார். சாமி இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும் என்றார் மாமா. நாள் பார்த்தாகிவிட்டது, இனிமேல் என்ன பேச்சு, அவன் கொடுத்ததை அவனே பறித்துக்கொள்ள விடுவதா என்று அம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

அப்பா இரண்டு எட்டு வைத்தார். அம்மாவின் காலில் விழுந்தார்.

குனிந்து தொட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில் கொடிமரத்துக்கு முன்னால் விழுவதுபோல நெடுஞ்சாண்கிடையாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு விழுந்தார். அம்மாதான் நல்ல நாளிலும் விசேஷத்திலும் அவர் காலில் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் இப்படியும் ஒன்று நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.  அம்மா முறுக்கு அச்சைப் பிடித்தபடியே எழுந்து பின்னுக்குப் போனாள். பின்னால் சுவர். அதற்குமேல் போக இடமில்லை.

"என்னங்க இது. எந்திரிங்க. எனக்குப் பாவத்தைச் சேத்துடாதீங்க."

அப்பா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினார். "என்னைய எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போவாத. அங்க என் நோவு கடை தொறந்து வெச்சிருக்குது. நாக்கு இன்னும் சாவல. போனா நான் திரும்பி வூட்டுக்கு வர மாட்டேன். எல்லாப் பக்கமும் கேட்டுப் பாத்துட்டேன், நமக்கு வழி இல்ல."

கேட்டது என்னிடம்.

எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகி அடுப்படி முழுக்கப் புகை. ஒருத்தரும் எடுக்கவில்லை. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. விளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா என்று இரண்டு தரம் சொன்னார். அம்மா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மாமா சாப்பிடாமல் கொள்ளாமல் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வெளியே பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் கூவிக்கொண்டு ஓடிய சத்தம் கேட்டது.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்கு அப்போது பட்டதெல்லாம் ஒன்றுதான்: நோவு என்று இத்தனை நாள் சொன்னது கள்ளை. அப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அம்மா அழவில்லை. போனால் மனுஷன் போய்விடுவார், போகாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் அவள் சோற்றை விட்டுவிட்டாள். வியாழன் சாப்பிடவில்லை, வெள்ளி சாப்பிடவில்லை. சனிக்கிழமை ஒருவேளை உண்டு வந்தவள் அன்று பச்சைத் தண்ணீரையும் தொடவில்லை. பூஜை மாடத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிணற்றடியில் நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாருடைய பிள்ளையோ வழி தவறி வந்து உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடியே தேவலை.

பிறகு மெல்லச் சொன்னாள். "நீ பொய் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். என் காலுல வுழுந்தது வீணுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. வாத்தியாரைக் கேட்டேன்னு சொல்லு."

அப்படியே போய்ச் சொன்னேன். வாத்தியாரைக் கேட்டேன் அப்பா, நாமக்கல்லை நம் ஜில்லாவில் சேர்த்துவிட்டார்களாம், நான்தான் பழசை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன் என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். "நல்லதாப் போச்சு கண்ணு" என்றார். என் தலையில் கையை வைத்தார். 

வண்டி கட்டிக்கொண்டு தொப்பூர்க் கணவாய் இறங்கி, சேலத்தில் தங்கி, நாமக்கல் போனோம். பாறைக்குள் அரங்கன் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேவித்தார்கள். அம்மா வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். சேலத்துச் சந்தையில் அப்பா எங்கேயோ அலைந்து, பெங்களூரிலிருந்து வந்தது என்று ஒரு கொத்துத் திராட்சை வாங்கிவந்து என் மடியில் வைத்தார். புள்ள ரொம்ப ஆசைப்பட்டுச்சு என்று அம்மாவிடம் சொன்னார். ஒரே புளிப்பு. ஒன்று விடாமல் தின்றேன்.

பிறகு உலகச் சண்டை நடந்த காலத்தில் சர்க்கார் எங்கள் ஜில்லாவிலும் கடைகளைத் திரும்பத் திறந்தது. அப்பா கடைத்தெரு வழியை விட்டு வரப்பு வழியாகவே நடந்தார். சிலமுறை தவறினார். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அம்மா சனிக்கிழமை விரதத்தைக் கடைசிவரை விடவில்லை.

ஊரில் கணக்குப்பிள்ளை இருந்தார். தபால்காரர் இருந்தார். மோட்டார் ஓட்டும் மாமாவே இருந்தார். நாமக்கல் எந்த ஜில்லா என்று இவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். கூடவே, உனக்கு எதற்கு அது என்று சிரித்துமிருப்பார்கள். எதற்கு என்று தெரியாதவள் அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். அதனால்தான் என்னிடம் வந்தார். இது எனக்கு விளங்க, என் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகும் வயது வரவேண்டியிருந்தது.

இதைப் படிப்பவர்கள் வேறு யாருக்காவது சொல்ல நேர்ந்தால் உள்ளபடியே சொல்லுங்கள். அப்பா விழுந்ததை நாகரிகம் பார்த்து மறைக்க வேண்டாம். சிறுபிள்ளை அறியாமல் சொல்லிவிட்டது என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்கவும் வேண்டாம். பொய்யை அறிந்துதான் சொன்னேன். நான் அறியாதது, அவர் ஏன் என்னிடம் கேட்டார் என்பது ஒன்றுதான்.