மாமாவும் என் இடது காதும்

சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் இரண்டு சின்னக் குழிகள். ஒன்றில் இருக்க வேண்டிய தோடு என் வலது காதில் இருக்கிறது. அதன் சோடி மற்றக் குழியில் இருபது வருடத்துக்கும் மேலாகப் போடுவாரில்லாமல் கிடந்தது. என் இடது காதில் துளை இல்லை. லிசேயில், உயர்பள்ளியில், கூடப் படித்தவர்கள் அதைப் புது நாகரிகம் என்று நினைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை, சும்மா கிடைத்த பெயரை ஏன் விடவேண்டும்?

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்துவார்கள். அம்மாவுக்கு உடன்பிறப்பென்று இருந்தது ஒரே ஒரு அண்ணன், அவரும் கனடாவில். அவர் வந்து சேரட்டும் என்று, கைக்குழந்தையிலேயே முடிந்திருக்க வேண்டிய சடங்கை அம்மா எனக்கு ஆறு வயதாகும்வரை தள்ளிப்போட்டார். பிரான்சில், லா சப்பலில் எங்கள் வீட்டு யன்னலுக்கு நேரே, பாலத்தின்மேல் மெத்ரோ ரயில் ஓடும். மத்தியான வெயிலில் அதன் நிழல் உள்ளே வந்து சுவர் நெடுக நகர்ந்து போகும். மாமா வந்த அந்தக் கிழமை முழுவதும் அந்த நிழலைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் படுத்திருந்தேன். அவருடைய பெருவிரல் என் காதின் பின்புறத்தை அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தடவும். நடுவில் ஒரு இடத்தில் நின்று, எதையோ தேடுவதுபோல லேசாக அழுத்தும். என்ன தேடுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்பேன். அவருக்கு விளங்காது. "நித்திரை கொள்ளு குஞ்சு" என்பார். அப்படியொரு நித்திரை பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

காது குத்தியது ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு நகைக்கடையில். பின்னேரம் பொண்டி என்ற புறநகரில் மண்டபம், சாப்பாடு, வீடியோ எல்லாம் ஒழுங்கு. கடைக்காரர் ஊசிக்குப் பதிலாகத் துவக்கு மாதிரி விசை இழுக்கும் ஒரு கருவியைக் கையில் எடுத்தார். மாமா என்னை மடியில் இருத்திப் பிடித்திருந்தார். வலது காதில் ஒரு 'டக்'. நான் அழவில்லை, திரும்பி மாமாவைத்தான் பார்த்தேன். கடைக்காரர் இடது பக்கம் வந்தபோது என் காதை மாமாவின் உள்ளங்கை மூடியிருந்தது.

"கையை எடுங்கோ அண்ணை, ஒரு நிமிசம்தான்."

"காணும், ஒண்டு போதும். இது கிடக்கட்டும்."

அம்மா பதறிப்போனார். ஒற்றைத் தோட்டோடு பிள்ளையைச் சபையில் நிறுத்துவது எப்படி? கனடாவில் அண்ணனுக்குப் பண்ணையொன்றில் கந்தோரில் எழுத்து வேலை என்றுதான் அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். மாமா கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"என்ரை வேலையே இதுதான் தங்கச்சி. மாட்டின்ரை கழுத்தைக் கம்பிக்குள்ளை இறுக்கிப்போட்டு, காதின்ரை பின்பக்கத் தோலுக்குக் கீழை இதே மாதிரித் துவக்காலை ஹோர்மோன் குளிசை அடிக்கிறது. இறைச்சிக்குக் கெதியா வளரட்டுமெண்டு. அடிச்சாப் பிறகு விரலாலை தடவிப் பார்க்கோணும், குளிசை உள்ளை இருக்கோ எண்டு. நோகிறது கொஞ்சம்தான். ஆனா பிடிச்சு வைச்சிருக்கிற ஆளைத்தான் மாடு திரும்பிப் பார்க்கும். பிள்ளையும் அப்பிடித்தான் பார்த்தவள்."

பிரான்சில் அந்தக் குளிசைக்கு அனுமதியில்லை, கனடாவில் அது சாதாரண வேலை. ஆனால் மாட்டிறைச்சி என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்காத அம்மாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் ஒரு பொருட்டா?

"என்ரை பிள்ளை என்ன மாடோ அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

மண்டபத்தில் என் தலைமயிரை இடப்பக்கம் இழுத்துவிட்டு, அதன்மேல் பூவும் வைத்தார்கள். வீடியோக்காரர் வலப்பக்கமே நின்றார். அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் நான் காசில் பொறித்த ராணிபோல ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமா கடைசி வரிசையில் இருந்தார். இதைக் கேட்பவர்கள் மாமா போனவுடன் வேலையை விட்டிருப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். விடவில்லை. ஓய்வு பெறும்வரை அதே வேலைதான், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். தொலைபேசி வந்தால் என்னிடம் நீட்டி, "மாமா சுகமோ எண்டு கேள்" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இங்குமங்கும் கதை காவிக் காவி எனக்கு அலுத்துவிட்டது. இவர்கள் ஒருநாள் கதைக்காமலே செத்துப்போவார்கள் என்று பயமாகவும் இருந்தது.

இந்த வசந்தத்தில் மாமா மறுபடி வந்தார். நான் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தவர். மத்தியானம் அம்மா பேசாமல் சோறு போட்டார், அவரும் பேசாமல் சாப்பிட்டார். நான் சோபாவில் மாமாவின் பக்கம் தலைவைத்துச் சரிந்தேன். மெத்ரோவின் நிழல் சுவரில் போயிற்று. வேலை செய்து விறைத்துப்போன அந்தப் பெருவிரல் என் இடது காதின் பின்னால் அடியிலிருந்து நுனிவரை போனது. இம்முறை நடுவில் நிற்கவில்லை. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

தேத்தண்ணியோடு வந்த அம்மாவின் காலடி வாசலில் நின்றது. பிறகு உள்ளே போய் அலுமாரி திறப்பது கேட்டது. அரைக் கண்ணால் பார்த்தேன். அம்மா மாமாவின் கையை எடுத்து, பெட்டியில் கிடந்த சோடித் தோட்டை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"நீங்களே வைச்சிருங்கோ. ஒரு காதெண்டாலும் தப்பிச்சுது, அண்ணை."

நான் கண்ணைத் திறக்கவில்லை. தோடு மாமாவோடு கனடாவுக்குப் போய்விட்டது. பெட்டியில் இப்போது இரண்டு குழிகளும் வெறுமை.