‘கோ’ விழும் வரை

ஃபவுல்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விசில் ஊதி ஊதியே என் தொண்டை போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த வாய் ஒரு தடவையாவது உருப்படியாக உதவியது என்பதற்கு சங்கவியின் கதையே சாட்சி.

சங்கவி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். என் கோ-கோ டீமில் அவளைப் போல் துரத்த ஆள் கிடையாது. ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சேஸர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ரன்னரைத் துரத்துகிறவள் பின்னால் வந்து, முதுகைத் தொட்டு ‘கோ’ சொன்ன பிறகுதான் உட்கார்ந்திருப்பவள் எழலாம். முந்திக்கொண்டு எழுந்தால் ஃபவுல். அதற்கு முந்தைய வருடம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த பெண், அன்று பயிற்சியில் ரன்னர் பக்கத்தில் வந்தாலே எழுந்துகொண்டாள்.

“அடியே, உட்கார்ற எடத்துல முள்ளா இருக்கு?” என்று கத்தினேன்.

“தெரியல மிஸ். உடம்பு தானா எந்திரிக்குது.”

கேப்டன் நஸ்ரின் வேறு புகார் வைத்தாள். “இவ கோ சொல்றாளா, கொட்டாவி விடறாளான்னே தெரியல மிஸ். வாயத் தொறக்கவே மாட்டேங்குறா.”

எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. சங்கவியைத் தனியே அழைத்துப்போய் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்னப் பொட்டலம். புகையிலை. புதினா வாசனை சேர்த்து, மிட்டாய் மாதிரி பிள்ளைகளிடம் திருட்டுத்தனமாக விற்கிறார்களே, அதுதான். பாவிகள்! முதலில் அதைத் துப்ப வைத்தேன்.

“சும்மா சாக்லேட் மாதிரிதான் மிஸ். டியூஷன்ல நெறைய பேர் வைக்கிறாங்க.”

“சும்மான்னா ஏன்டி அழற?”

“விட முடியல மிஸ்” என்றாள்.

டிசி

எங்கள் எச்.எம். கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எது நடந்தாலும் முதலில் பெருமாளைத்தான் கூப்பிடுவார்.

“ரங்கா! நம்ம ஸ்கூல்லயா? மொதல்ல டிசியக் குடுத்து அனுப்புங்கோ. மத்த கொழந்தைகளும் கெட்டுப் போயிடும்.”

சங்கவியின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு வந்து தலைகுனிந்து நின்றார். “குடுத்துடுங்கம்மா. படிச்சுக் கிழிச்சது போதும். எவன் கையிலயாவது புடிச்சுக் குடுத்துடறேன்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “பதினாறு வயசுப் புள்ளைக்குக் கல்யாணமா? போலீஸ்ல நானே எழுதிக் குடுப்பேன், பாத்துக்கங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு, எச்.எம். பக்கம் திரும்பினேன். “காய்ச்சல் வந்தா டிசி குடுப்பீங்களா மேடம்?”

“காய்ச்சலும் இதுவும் ஒண்ணா?”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

எச்.எம். மேஜைமேல் இருந்த டிசி புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “சரி, மாவட்டப் போட்டி வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன். அதுக்குள்ள மாத்தம் தெரியலேன்னா யார் பேச்சையும் கேக்க மாட்டேன்” என்றார்.

புத்தூரில்

திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னையும் சங்கவியின் அப்பாவையும் விட்டுவிட்டு அவளிடமே பேசினார்.

“உன் வயசுல, ‘வேணும் வேணும்’னு கேக்கற பகுதி மூளையில முழு வேகத்துல ஓடும். ‘இரு, பொறு’ன்னு சொல்ற பகுதி நெத்திக்குப் பின்னாடி இருக்கு. அது இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும்மா. வளர்ற நேரத்துல நிகோடின் உள்ள போனா, அதுதான் அடி வாங்கும். கவனம் நிக்காது, சுள்ளுன்னு கோவம் வரும், பொறுமை இருக்காது. பெரியவங்களை விட உன்னை மாதிரிப் பசங்களை சீக்கிரம் புடிச்சுக்கும்.”

“கெட்டது கெட்டதுதானாங்க?” என்றார் அப்பா. அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“யார் சொன்னா? வளர்ற மூளை கெட்டதையும் சீக்கிரம் கத்துக்கும், நல்லதையும் சீக்கிரம் கத்துக்கும். கண்டிப்பா வெளிய வந்துடலாம். ஆனா அடிக்காதீங்க. நடுவுல சறுக்கினா மறைக்காம சொல்ற தைரியம் அவளுக்கு இருக்கணும்.”

அவள் அப்பாவின் ஆட்டோவிலேயே ஸ்ரீரங்கம் திரும்பினோம். காவிரிப் பாலம் ஏறியதும் சங்கவி வாயைத் திறந்தாள்.

“அப்போ எனக்கு ஓடறதுல பிரச்சன இல்ல மிஸ். உட்கார்றதுலதான். கொஞ்ச நாளைக்கு என்னை ஓட விடாதீங்க. உட்கார மட்டும் வைங்க.”

அப்பா ஹேண்டிலைப் பிடித்தபடி முழுதாகத் திரும்பி மகளைப் பார்த்தார். “அய்யோ, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!” என்று அலறினேன்.

உட்காரும் பயிற்சி

நஸ்ரின் கூட்டத்துக்குக் கொண்டாட்டம்தான். ஆளாளுக்கு சங்கவியின் முன்னால் வந்து ஆட்டம் காட்டினார்கள், மூக்குக்கு நேரே கைதட்டினார்கள். அவள் எழுவாள், ஃபவுல் ஊதுவேன், மண்ணை அள்ளி வீசுவாள், மறுபடி உட்காருவாள். “போதும்டி, அழுதுடுவா” என்று நஸ்ரினே இரக்கப்பட்டால், “நீ யாருடி எனக்குப் பாவம் பாக்க? வா!” என்று கூப்பிடுவாள். மருந்து, கவுன்சிலிங், பயிற்சி என்று மாதங்கள் போயின.

ஒரு நாள் காலை வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள். “நேத்து ஒண்ணு வாங்கி வாயில வச்சுட்டேன் மிஸ். அப்பாகிட்ட சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போறோம்.”

திட்டத்தான் வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது: யாரும் பிடிக்கவில்லை, அவளாகவே வந்து சொல்கிறாள். வாசலில் அப்பா ஆட்டோவை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கைலாசபுரம்

மாவட்டப் போட்டி கைலாசபுரம் மைதானத்தில். ஃபைனலில் எங்களுக்கு எதிரே துறையூர்ப் பக்கத்து டீம். சாமியானாவுக்குக் கீழே குடையோடு எச்.எம். உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சேஸிங். இன்னும் ஒருத்தியை அவுட் ஆக்கினால் கப் எங்களுக்கு. நேரமோ முடியப் போகிறது. மிச்சமிருந்த ரன்னர் நெடுநெடுவென்று வளர்ந்த பெண், கெட்டிக்காரி. சங்கவியின் எதிரே வந்து, வா வா என்பது போல் இடுப்பை ஆட்டினாள். வெளியே நின்ற அவர்கள் கூட்டம் வேண்டுமென்றே “கோ! கோ!” என்று கத்தியது.

சங்கவியின் தோள் துள்ளியது. போச்சுடா, என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! அவள் எழுந்து ஃபவுல் ஆவாள் என்று நம்பிய ரன்னர் ஒரு நொடி அசந்து நின்றாள். நஸ்ரின் பின்னால் பறந்து வந்து முதுகில் அறைந்தாள். “கோ!”

அதற்குப் பிறகு என்ன, ஒரே பாய்ச்சல்தான். அவுட்! விசில்!

எச்.எம். குடையைத் தூக்கி எறிந்துவிட்டு “ரங்கா! ரங்கா!” என்று கூவினார். “மேடம், டிசி?” என்று கேட்டேன். “போங்கோ அந்தண்ட! கப்பை எங்க வைக்கறதுன்னு பாருங்கோ” என்றார். அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பி.டி. டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நன்றாக ஆடிய பிள்ளை திடீரென்று ஃபவுல் மேல் ஃபவுல் வாங்கினால், விசில் ஊதுவதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போய் என்னவென்று கேளுங்கள். டிசி எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் வளர்ந்து முடியவில்லை.

அன்று மைதானமே “ஜெயிச்சோம், ஜெயிச்சோம்” என்று குதித்துக்கொண்டிருந்தது. சங்கவி மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் ஓடிவந்தாள். முட்டியெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு.

“உட்கார்ந்தேன் மிஸ்! பாத்தீங்கல்ல? உட்கார்ந்தே இருந்தேன்!”